கன்னி ஆட்டுக்குட்டியின் வளர்ச்சி: சுரப்பிகளும் கரிசல் சூழலும்

விருதுநகர் மாவட்டத்தின் சாத்தூர், சிவகாசி வட்டாரங்களிலும் அவற்றை ஒட்டிய கோவில்பட்டி, சங்கரன்கோவில் பகுதிகளிலும் பரவலாக வளர்க்கப்படும் கன்னி ஆடு, கரிய உடலும் முகத்தின் இருபுறமும் கோடுகளும் கொண்ட உயரமான இனமாகும். கோடு வெள்ளையாயின் பால்கன்னி என்றும், செம்பழுப்பாயின் செங்கன்னி என்றும் வழங்குவர். இரட்டைக் குட்டி ஈனுவது இவ்வினத்தில் இயல்பு. ஒரே கிடாய்க்கு, ஒரே பட்டியில், ஒரே வாரத்தில் பிறந்த குட்டிகளுள் ஒன்று திரண்டு நிற்க, மற்றொன்று வயிறு பருத்து, மயிர் சிலிர்த்து, எலும்பு தெரிய நிற்பதை ஆடு வளர்ப்போர் அனைவரும் கண்டிருப்பர். தந்தை ஒன்றாயிருந்தும் வளர்ச்சி வேறுபடுவதற்கு ஒரு முக்கியக் காரணம், குட்டியின் உடலில் சுரக்கும் ஹார்மோன்கள் சூழலைப் பொறுத்து ஏறி இறங்குவதாகும்.

தீவனமும் வளர்ச்சி ஹார்மோனும்

மூளையின் அடிப்பகுதியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி வளர்ச்சி ஹார்மோனை வெளியிடுகிறது. அது ஈரலைத் தூண்ட, ஈரல் 'இன்சுலினை ஒத்த வளர்ச்சிக் காரணி' எனப்படும் மற்றொரு பொருளைச் சுரக்க, எலும்பையும் தசையையும் வளர்க்கும் வேலையின் பெரும்பகுதியை அக்காரணியே செய்கிறது. அரைவயிற்றுக் குட்டியின் இரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோன் குறைவதில்லை, பெரும்பாலும் கூடவே செய்யும். ஆனால் புரதமும் எரிசக்தியும் போதாத நிலையில் ஈரல் அந்தத் தூண்டலுக்குச் செவிசாய்ப்பதில்லை. எனவே தீவனம் குறைந்த குட்டிக்கு ஊசியையும் சத்து மருந்தையும் மட்டும் நம்பிச் செலவிடுவது பயன் தராது என்பதே அனுபவம் கற்பிக்கும் முதற்பாடம்.

சினைக் காலமும் சீம்பாலும்

ஏறத்தாழ 150 நாள் நீளும் சினைக் காலத்தில் கருவின் எடையில் பெரும்பகுதி கடைசி ஆறு வாரங்களில்தான் சேர்கிறது. மேய்ச்சலை மட்டும் நம்பாமல், கம்பு அல்லது சோளம், பிண்ணாக்கு, உளுந்தம் பொட்டு ஆகியவை கலந்த அடர்தீவனத்தை நாளொன்றுக்கு 200 முதல் 300 கிராம் வரை அக்காலத்தில் தாய்க்குக் கொடுத்தால், குட்டி எடையுடன் பிறப்பதோடு தாயின் மடியும் நன்கு இறங்கும்.

தாயின் நோய் எதிர்ப்புப் பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குட்டியைச் சென்றடைவதில்லை. அவை சீம்பால் வழியாகவே கிடைக்கின்றன. அவற்றை அப்படியே உறிஞ்சும் ஆற்றல் குட்டியின் குடலுக்குப் பிறந்த ஒரு நாளுக்குள் மறைந்துவிடுவதாலும், மேற்கூறிய வளர்ச்சிக் காரணி சீம்பாலில் மிகுந்திருப்பதாலும், முதல் ஓரிரு மணி நேரத்திற்குள்ளேயே ஊட்டத் தொடங்கி, முதல் நாளில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவேனும் குடிக்கச் செய்தல் வேண்டும். இரட்டைக் குட்டிகளில் இளைத்ததை முதலில் ஊட்டவிடுவது நல்ல வழக்கம்.

இனச்சேர்க்கைக் காலத்தையும் திட்டமிடலாம். ஆடி, ஆவணியில் சேர்ந்த ஆடு மார்கழி, தையில் ஈனும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தழைத்த பச்சை தாயின் பாலாக மாறுவதற்கும், கத்திரி வெயிலுக்கு முன்பே குட்டி பால் மறந்து தீவனத்திற்குப் பழகுவதற்கும் அக்காலம் ஏற்றது. மார்கழிப் பனியிலிருந்து காக்க இரவில் குட்டிகளுக்கு மறைப்பு மட்டும் தேவை.

வெயிலும் அயோடினும்

கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியின் ஹார்மோன், உடல் எரிசக்தியைச் செலவிடும் வேகத்தை ஆள்கிறது. கடும் வெயிலில் உடற்சூட்டைக் குறைக்கும் பொருட்டு அச்சுரப்பு தணிகிறது, பசியும் அடங்குகிறது. அதே வேளையில், சிறுநீரகத்தை ஒட்டிய அட்ரீனல் சுரப்பியிலிருந்து வரும் கார்டிசால் என்னும் நெருக்கடி ஹார்மோன் நெடுநாள் மிகுந்திருந்தால், தசைப் புரதத்தைக் கரைத்து நோய் எதிர்ப்பையும் தாழ்த்துகிறது. காலை வெயில் ஏறுமுன்பும் மாலை நான்கு மணிக்குப் பின்பும் மேய்த்தல், நண்பகலில் வேம்பு, புங்க மர நிழலில் நிறுத்துதல், தகரக் கூரையின் மேல் பனையோலை பரப்புதல், எந்நேரமும் தண்ணீர் வைத்தல் ஆகியவை செலவு குறைந்த தீர்வுகள்.

தைராய்டு ஹார்மோன் உருவாக அயோடின் இன்றியமையாதது. சிவகாசி வட்டாரப் பட்டாசுத் தொழிலில் பயன்படும் பெர்குளோரேட் உப்புகள் நீரில் எளிதில் கரைபவை. அவை உடலில் சேரும்போது தைராய்டு அயோடினை ஈர்த்துக்கொள்வதைத் தடுக்கக்கூடியவை. இப்பட்டாசு வட்டாரத்தின் நிலத்தடி நீரில் பெர்குளோரேட் கலந்திருப்பதை 2013-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியுள்ளது. ஆதலால் பட்டாசு ஆலைகளின் கழிவு தேங்கும் பள்ளங்களில் ஆடுகளைக் குடிக்கவிடாமல், ஊருணி நீரையோ குடிநீரையோ கொடுப்பது தக்க முன்னெச்சரிக்கையாகும். சூபாபுல் தழையிலுள்ள மைமோசின் என்னும் பொருளும் தைராய்டைப் பாதிக்கக்கூடியது என்பதால், அத்தழை மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டலாகாது. அயோடின் அடங்கிய தாது உப்புக் கலவையைச் சினையாட்டுக்கும் குட்டிக்கும் நாள்தோறும் சிறிதளவு கொடுத்து வரலாம். கழுத்து வீங்கிய குட்டியோ மயிரற்ற குட்டியோ பிறந்தால், அயோடின் குறையை முதலில் ஐயுற வேண்டும்.

பருவமும் நோயும்

கிடாய்க்குட்டிகள் முதிருமுன்பே துள்ளித் திரிந்து பெட்டைகளைச் சினைப்படுத்திவிடும். மூன்று, நான்கு மாதத்திலேயே அவற்றைப் பிரித்துக் கட்டாவிட்டால், வளர வேண்டிய பெட்டையின் சத்து கருவுக்குச் சென்று, தாயும் குட்டியும் சிறுத்துப்போகும். வளர்ந்த ஆட்டின் எடையில் மூன்றில் இரண்டு பங்கை எட்டிய பின்பே பெட்டையைச் சேர்க்க வேண்டும். டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோன் தசையை வளர்ப்பதால், காயடிக்காத கிடாய் விரைந்து எடை கூடும். காயடித்தது கொழுப்புச் சேர்க்கும். கோயில் கொடைக்கு நேர்ந்துவிடும் கிடாயையும் சந்தைக்கு விற்கும் கிடாயையும் அதற்கேற்ப வளர்க்கலாம்.

குடற்புழு நிறைந்த வயிறு, தீவனத்தையும் ஹார்மோனையும் ஒருசேர வீணாக்கும். தாடையின் கீழ் வீக்கமும் வெளிறிய கண்ணிமையும் அதன் அடையாளங்கள். கால்நடை மருத்துவரின் அறிவுரைப்படி குடற்புழு நீக்கம் செய்து, ஆட்டுக்கொல்லி நோய்க்கும் துள்ளுமாரிக்கும் உரிய காலத்தில் தடுப்பூசி போட வேண்டும். இந்தியாவில் ஆட்டுக்கொல்லி நோய் முதன்முதலாக 1987-இல் விழுப்புரம் பகுதியின் அரசூரில் கண்டறியப்பட்டது என்பதால், தமிழகத்தார் இதில் அசட்டையாய் இருத்தல் தகாது.

வளர்ப்போர் மாதம் ஒருமுறை குட்டியை எடை போட்டு எழுதி வைப்பாராக. எடை தேங்கிய மாதத்தில் தாயின் தீவனம், நிழல், குடிநீர், தாது உப்பு, குடற்புழு ஆகிய ஐந்தையும் இதே வரிசையில் சரிபார்த்த பின்னரே மருந்துக் கடையை நாட வேண்டும். குட்டியின் ஹார்மோன்களைச் சீராக்கும் வழிகளுள் பெரும்பாலானவை வளர்ப்போரின் கையிலேயே இருக்கின்றன.