வள்ளத்தின் உரசல்: விழிஞ்ஞத்தில் வேலைக்கு வந்தவனுக்கு

மக்களே, விழிஞ்ஞம் துறையில் வள்ளம் பழுது பார்க்க வந்திருக்கிறாய். ரெசின் என்ற பிசினும் மேட் என்ற கண்ணாடி நார் விரிப்பும் ஒரு மழைக்காலத்துக்குள் உன் கைக்குப் பழகிவிடும். கை பழகினாலும் மனம் பழகச் சில காலம் ஆகும். அதனால் இதைச் சொல்லி வைக்கிறேன்.

1. கருவியை எடுக்குமுன் நகத்தை ஓட்டிப் பார். வழுக்கிக்கொண்டு போனால் அது டயர் தேய்த்த கறுப்புதான். துணியில் அசிட்டோன் தொட்டுத் துடைத்தால் போய்விடும். நகம் தடங்கினால் கீறல். வெள்ளை நார் தெரிந்தால் ஜெல்கோட் என்ற மேல்பூச்சு அறுந்து மேட் வரை போயிருக்கிறது. கறையைக் காட்டி, பெரிய பழுது என்று காசு வாங்கியவர்களையும் இந்தக் கரை பார்த்திருக்கிறது. அடுத்த ஆண்டு அவர்களை யாரும் கூப்பிடவில்லை.

2. வள்ளத்தின் தோலுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொள். 1980களில் குமரிக் கரையின் முட்டத்தில் பியர் ஜில்லே என்ற பெல்ஜியக்காரர் பிளைவுட் வள்ளம் கட்டப் பழக்கினார். 1980இல் தொடங்கிய சிஃப்ஸ் என்ற மீனவர் சங்கக் கூட்டமைப்பு, திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு, கூடங்கள் வைத்து அவற்றைக் கட்டிக் கொடுத்தது. கட்டுமரம் ஓட்டியவர்கள் பலர் அப்படித்தான் வள்ளத்துக்கு மாறினார்கள். அந்த வகை வள்ளத்தில் கண்ணாடி நார்ப் பூச்சு விரல் நீளம் அறுந்தாலும் தண்ணீர் பலகையின் அடுக்குகளுக்குள் இறங்கிவிடும். சுற்றிலும் தட்டிப் பார். கணீரென்றால் நல்லது. மொத்தென்று கேட்டால் உள்ளே ஈரம் இருக்கிறது. மேலே பூசி மூடுவது அழுகலைப் பொத்தி வைப்பதுதான்.

3. காயவிடு. உப்பு போக நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் வைத்து, ஈரம் போகும்வரை பொறு. உடையவன் நாளைக்கே கடலுக்குப் போகணும் என்று தலைமேல் நிற்பான். அவன் பாடு அவனுக்கு. ஒரு நாள் வலை நனையாவிட்டால் வீட்டில் அடுப்பு கேட்கும். கோபப்படாமல் ஈரத்தைத் தொட்டுக் காட்டு. எனக்குத் தொழில் சொல்லித்தந்த ஆசாரி இதற்கு ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை; உடையவனின் கையையே பிடித்துப் பலகையில் வைப்பார்.

4. அளந்து கலக்கு. ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 கிராம் ஹார்டனர். வெயில் ஏற ஏறக் குறைவாக. ஹார்டனரையும், ரெசின் இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் நேராகச் சேர்க்கவே சேர்க்காதே, தீப்பிடித்து வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு அப்புறம்தான் ஹார்டனர். மேலே பூசும் ஜெல்கோட் காற்றுப் பட்டால் ஒட்டிக்கொண்டே இருக்கும்; பிளாஸ்டிக் தாளால் மூடு. மழைச் சாரலில் வேலையைத் தொடாதே.

5. பழுதைவிட அது வரும் வழியைப் பார். நம் கடலில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. வள்ளத்தைத் துறையில் மோத வைப்பது துறைக்குள் நுழையும் அலைதான். அது விடியும்வரை ஓயாமல் முன்னும் பின்னும் இழுக்கும். ஒரே டயரை நடுவில் தொங்கவிட்டுத் தூங்கப் போகிறவனுக்கு அணியத்தில் காயம் நிச்சயம். அகலமான இடத்திலும் அதற்கு முன்னும் பின்னும் கட்டு. டயரைவிட அதில் ஒட்டிய மணல்தான் தோலை அறுக்கிறது. அதைக் கழுவி, பழைய வலையைச் சுற்று. தடித்த கயிற்றுச் சுருளும் நல்லது. நம் ஊரில் கயிற்றுக்கா பஞ்சம்?

6. அடுத்தவன் வள்ளத்தையும் உன்னுடையதாகப் பார். ஜூன், ஜூலையில் பூந்துறை, புல்லுவிளை பக்கத்து வள்ளங்களெல்லாம் திறந்த கரையின் அலைக்குத் தப்பி இங்கே வந்து நெருக்கிக் கட்டும். அப்போது துறைச் சுவரைவிட வள்ளமே வள்ளத்தை அதிகம் உரசும். கேட்காமல் ஒருவன் கயிற்றை அவிழ்க்காதே. உன் வள்ளம் பட்டு அவன் தோல் கிழிந்தால், அவன் பார்க்கும்முன் நீயே போய்ச் சொல். இரவில் இடித்ததை மறைத்து, கண்டவர் சொல்லி வெளியே வந்து, இரண்டு குடும்பம் பேசாமல் போனதை நான் அறிவேன். இருநூறு ரூபாய் ரெசினில் தீர்ந்திருக்கும்.

7. மெதுவாகக் கரைசேர். 2024 ஜூலையில் சான் பெர்னாண்டோ என்ற 300 மீட்டர் சரக்குக் கப்பல் நம் புதிய துறைமுகத்துக்கு வந்ததே, இழுவைப் படகுகள் அணைத்துக்கொள்ள எவ்வளவு நிதானமாக ஒதுங்கியது! நம் பிள்ளைகளோ எஞ்சினை முறுக்கிக்கொண்டு வந்து, கடைசி நொடியில் காலை நீட்டிச் சுவரைத் தடுக்கிறார்கள். நீ அதைச் செய்யாதே மக்களே. வள்ளம் கீறினால் நாம் இருக்கிறோம். கால் எலும்புக்கு மேட் ஒட்ட எனக்குத் தெரியாது.