வண்ணத்துப்பூச்சிகளின் உறவுமுறை

உயிர்களை வகைப்படுத்திக் காணும் அறிவு தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியத்தின் மரபியல், உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாகப் பகுத்து, தும்பியை நண்டுடன் சேர்த்து நாலறிவு உயிரென வைத்துள்ளது. இன்றைய அறிவியலார் பிறப்புவழி உறவைக் கொண்டு உயிர்களைப் பகுக்கின்றனர். இவ்வுறவை விளங்கிக்கொள்ள வண்ணத்துப்பூச்சிகள் நல்ல பாடமாகும்.

குடும்பம்

நிம்பாலிடே என்னும் குடும்பத்தில் ஏறத்தாழ 6,000 சிற்றினங்கள் உள்ளன. இவற்றின் முன்னங்கால்கள் இரண்டும் குறுகித் தூரிகைபோல் மயிரடர்ந்திருக்கும். ஆதலின் ஆறு கால்கள் இருந்தும் நான்கினாலேயே நடக்கின்றன. செம்மஞ்சள் சிறகில் கருநிறக் கட்டங்களும் புள்ளிகளும் கொண்ட பிரிட்டில்லரி, செக்கர்ஸ்பாட் என்னும் இருவகைப் பூச்சிகளும் இக்குடும்பத்தினவே.

1807 ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டு அறிஞர் பாப்ரிசியஸ் முன்னதற்கு ஆர்கின்னிஸ் என்றும், பின்னதற்கு மெலிட்டேயா என்றும் பேரினப் பெயர்கள் சூட்டினார். தோற்ற ஒற்றுமையால் இவ்விரண்டும் ஒருகாலத்தில் ஒரே துணைக்குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்தன. நுணுகிய ஆய்வுகளும் மரபணு ஆய்வும் இவற்றைப் பிரித்தன. இன்று பிரிட்டில்லரிகள் ஹெலிகோனினே என்னும் துணைக்குடும்பத்திலும், செக்கர்ஸ்பாட்டுகள் நிம்பாலினே என்னும் துணைக்குடும்பத்திலும் உள்ளன.

முகச்சாயலால் உடன்பிறந்தார் எனத் தோன்றும் இருவர் தூரத்து உறவினராகவும், சாயலே இல்லாத இருவர் பங்காளிகளாகவும் இருப்பதை நம் ஊரில் காண்கிறோம் அல்லவா? இங்கும் அவ்வாறே. நீலநிறம் மின்னும் புளூ பேன்சி, செக்கர்ஸ்பாட்டின் துணைக்குடும்பத்தைச் சேர்ந்தது. வட ஆப்பிரிக்காவிலும் அரேபியாவிலும் வாழும் பாலைவனப் பிரிட்டில்லரியோ, பெயரால் பிரிட்டில்லரி, குலத்தால் மெலிட்டேயா!

தாயகத்தில்

2019 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவன், பிரிட்டில்லரிகளின் துணைக்குடும்பத்தைச் சேர்ந்தது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழ்வது. நீலகிரியின் உயர்மலைகளில் நீலகிரிப் பிரிட்டில்லரி பறக்கின்றது. இதன் புழுக்கள் வயலா என்னும் சிறு செடியின் இலையை உண்பவை. மலைப் புல்வெளிகள் தேயிலைக்கும் தைலமரத்துக்கும் சீகை மரத்துக்கும் இடம் விட்டு நெடுங்காலமாகச் சுருங்கி வந்துள்ளன. செடி மறைந்தால் பூச்சியும் மறையும்.

நாம் வாழும் மண்ணில்

அமீரகத்தின் மணல்வெளிகளில் எருக்கு தானே முளைக்கின்றது. அதன் இலையைத் தின்று வளர்வது வெந்தய வரியனின் புழு. கருப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளும், மூன்று இணைக் கரிய கொம்பு போன்ற உறுப்புகளும் அதற்கு உண்டு. எருக்கின் நஞ்சை உடலில் சேர்ப்பதால் பறவைகள் இப்பூச்சியை விலக்குகின்றன.

இதனால் பயன் பெறுவோரும் உளர். டனாய்டு எக்ஃபிளை என்னும் பூச்சியின் பெண், நஞ்சில்லாதிருந்தும் வெந்தய வரியனின் உருவத்தைக் கொண்டு உயிர் தப்புகின்றது. இமயமலைப் பகுதியில் வாழும் இந்தியப் பிரிட்டில்லரியின் பெண்ணும் இவ்வுருவையே ஒத்துள்ளது. மூன்றும் மூன்று வெவ்வேறு துணைக்குடும்பங்களைச் சேர்ந்தவை. தோற்றத்தை மட்டும் கொண்டு உறவை முடிவு செய்தல் கூடாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

பெற்றோர்களே, விடுமுறை நாளில் குழந்தைகளுடன் ஓர் எருக்கஞ்செடியின் அருகே சற்று நில்லுங்கள். அதன் பால் கண்ணில் பட்டால் தீங்கு செய்யும். எனவே இலையைக் கிள்ளாமல் காணச் செய்யுங்கள். ஊரில் வேலியோரம் நாம் கண்ட செடியும் பூச்சியும் இங்கும் உள்ளன. அவற்றின் தமிழ்ப் பெயர்களை நாம் சொன்னால்தான் பிள்ளைகள் அறிவர்.

பயிற்சி வினாக்கள்

1. பிரிட்டில்லரியும் செக்கர்ஸ்பாட்டும் எவ்வெத் துணைக்குடும்பங்களைச் சேர்ந்தவை?
2. வெந்தய வரியனைப் பறவைகள் விலக்குவது ஏன்?
3. நீங்கள் கண்ட வண்ணத்துப்பூச்சி ஒன்றை வரைந்து, அது அமர்ந்த செடியின் பெயரையும் எழுதுக.