செல்ஃப் எடுக்கலையா? ஸ்டார்ட்டரைக் கழற்றும் முன்னால் இதைப் பாரு

தம்பி, கீயைத் திருப்பினால் ப்ரொப்பெல்லர் கால் சுற்று வந்து, கம்ப்ரெஷனில் முட்டி நின்றுவிடுகிறது என்றாய். கையோடு புது ஸ்டார்ட்டருக்கு ஆர்டர் போடப் போவதாகவும் சொன்னாய். கொஞ்சம் பொறு. லைகமிங் ஓ-320, ஓ-360 இன்ஜின் மாட்டிய ஆர்வி விமானங்களில் செல்ஃப் எடுக்கவில்லை என்றால், நான் கடைசியாகச் சந்தேகப்படுவது ஸ்டார்ட்டர் மோட்டாரைத்தான். பேட்டரியிலிருந்து மோட்டார் வரை கரண்ட் போகும் வழி, அங்கிருந்து எர்த் வழியாகத் திரும்பும் வழி, இந்த இரண்டையும் அளந்து பார்க்காமல் எதையும் மாற்றாதே.

கம்பெனியில் செய்த செஸ்னாவுக்கு எந்த ஒயர் எங்கே போகிறது என்று மேனுவல் சொல்லும். வான்ஸ் ஏர்கிராஃப்டின் ஆர்வி கிட்டை வாங்கி கேரேஜில் கட்டிய விமானத்தில் பேட்டரி எங்கே, கேபிள் எவ்வளவு தடிமன், எர்த் எந்த போல்ட்டில் என்பதெல்லாம் கட்டியவர் எடுத்த முடிவு. அதனால் முதலில் உன் ஒயரிங் படத்தை எடுத்து மேஜையில் விரி. படம் இல்லையென்றால் ஒவ்வொரு ஒயராகத் தொட்டுப் பார்த்து வரைந்துவிடு. இந்த வேலையைத் தள்ளிப்போடாதே.

மீட்டரைத் தொடுவதற்கு முன்னால் உயிர் விஷயம். மேக்னெட்டோவுக்கு பேட்டரி வேண்டாம். தன் ஸ்பார்க்கைத் தானே உண்டாக்கும். அதை அடக்கி வைப்பது பி-லீட் என்ற ஒற்றை ஒயர். அந்த ஒயர் அறுந்திருந்தால், கீ ஆஃபில் இருந்தாலும் மேக்னெட்டோ உயிரோடுதான் இருக்கும். ஆகவே பெட்ரோல் வால்வை மூடு, மிக்ஸ்சரை முழுக்க இழுத்துவிடு, எட்டு பிளக் ஒயர்களையும் கழற்றி பிளக்கை விட்டுத் தள்ளி வை. சக்கரத்துக்குக் கட்டை போடு, வாலைக் கட்டு. மீட்டர் முனைகளை க்ளிப் போட்டு மாட்டிவிட்டு, ப்ரொப்பெல்லர் வீச்சுக்கு வெளியே வந்து நின்ற பிறகுதான் உள்ளே இருப்பவர் கீயைத் திருப்ப வேண்டும். தனியாளாக இதைச் செய்யாதே டா. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அடுத்தது காது. கீயைத் திருப்பினால் ஒரு சத்தமும் இல்லையா? ஸ்டார்ட்டர் கான்டாக்டரின் காயிலுக்கு வோல்டேஜ் வரவில்லை, அல்லது மாஸ்டர் கான்டாக்டரே ஒட்டவில்லை. 'டக்' என்று ஒரு தரம் அடித்து நிற்கிறதா, 'டிக் டிக் டிக்' என்று துடிக்கிறதா? காயிலுக்கு உயிர் இருக்கிறது. சுமை ஏறியதும் வோல்டேஜ் சரிந்துவிடுகிறது. மோட்டார் மட்டும் விர்ரென்று சுற்றி ப்ரொப்பெல்லர் அசையவில்லை என்றால், பல்சக்கரம் முன்னால் வந்து ரிங் கியரைப் பிடிக்கவில்லை. உன் விஷயம் நான்காவது: சுற்றுகிறது, ஆனால் தெம்பில்லை.

தெம்பில்லை என்றால் பேட்டரியில் தொடங்கு. ஆர்விக்காரர்கள் பலர் வைக்கும் ஒடிஸி பிசி680 முழு சார்ஜில், சும்மா இருக்கும்போது 12.8 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டும். அந்த எண்ணை மட்டும் நம்பிவிடாதே. கிழடு தட்டிய பேட்டரியும் சும்மா இருக்கும்போது நல்ல எண்ணைக் காட்டும். கீயைத் திருப்பும் நேரத்தில் பேட்டரி முனைகளில் என்ன நிற்கிறது என்று பாரு. 10 வோல்ட்டுக்கு மேல் நின்றால் பேட்டரி தப்பித்தது. 8-க்கு விழுந்தால் அதை முழுக்க சார்ஜ் ஏற்றி மறுபடி பாரு. மறுபடியும் விழுந்தால் பேட்டரியை மாற்று.

பேட்டரியில் 10.5 நிற்கிறது, ஸ்டார்ட்டர் முனையில் 8.5 தான் வருகிறது என்று வைத்துக்கொள். இடையில் 2 வோல்ட்டை யாரோ தின்கிறார்கள். 200 ஆம்பியர் ஓடும்போது ஓர் ஓமில் ஆயிரத்தில் ஐந்து பங்கு தடை இருந்தாலே ஒரு வோல்ட் போய்விடும். அவ்வளவு சின்னத் தடை சாதாரண மல்டிமீட்டரின் ஓம்ஸ் பகுதியில் தெரியவே தெரியாது. எனவே 'ஓம்ஸ் வைத்துப் பார்த்தேன், கேபிள் நன்றாகத்தான் இருக்கிறது' என்று என்னிடம் வராதே. வோல்ட்டில் வைத்து, கீயைத் திருப்பும்போதே அள. பேட்டரி பிளஸ் முனையிலிருந்து மாஸ்டர் கான்டாக்டர் வரை, அதன் இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவே, பிறகு ஸ்டார்ட்டர் கான்டாக்டரின் இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவே, அங்கிருந்து மோட்டார் வரை. ஓர் இணைப்பில் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அங்கே கழற்று, உப்புத்தாள் போடு, இறுக்கு. கான்டாக்டரின் நடுவே அதிகமாகக் காட்டினால் உள்ளே முனைகள் கருகியிருக்கின்றன. அதைச் சுரண்ட முடியாது, புதிது போடு.

எர்த் பக்கத்தைப் பலரும் மறக்கிறார்கள். இன்ஜின் ரப்பர் மவுண்டுகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது, மவுண்ட் ஃபிரேமில் பெயின்ட். கிரான்க்கேஸிலிருந்து ஃபயர்வாலுக்குத் தடித்த பின்னல் ஸ்ட்ராப் ஒன்று இல்லையென்றால் கரண்ட் வேறு வழி தேடும்: த்ராட்டில் கேபிள், மிக்ஸ்சர் கேபிள், உலோகப் பின்னல் போட்ட ஆயில் ஹோஸ். ஸ்டார்ட் செய்யும்போது த்ராட்டில் கேபிள் சூடாகிறது என்றாலோ, திடீரென்று இறுகிவிட்டது என்றாலோ எர்த் ஸ்ட்ராப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மீட்டரை கிரான்க்கேஸுக்கும் பேட்டரி மைனஸ் முனைக்கும் நடுவே வை. அங்கேயும் அதே 0.2 கணக்குதான்.

லாங்-ஈஸி மாதிரி ஃபைபர் விமானத்தில் இது இன்னும் கஷ்டம். பல விமானங்களில் பேட்டரி மூக்கில், இன்ஜின் வாலில். உடம்பில் கரண்ட் ஓடாது என்பதால் திரும்பும் வழிக்கும் முழு நீளக் கேபிள் வேண்டும். 4 கேஜ் செம்புக் கேபிள் 5 மீட்டர் போனால், 200 ஆம்பியரில் ஒரு பக்கத்துக்கே 0.8 வோல்ட் போகும். 2 கேஜ் போட்டால் 0.5. எடையைக் குறைக்கிறேன் என்று இங்கே மெல்லிய கேபிள் போடுவது எனக்குப் பிடிக்காத சிக்கனம்.

கான்டாக்டர்களில் ஒரு குழப்பம் உண்டு. மாஸ்டரும் ஸ்டார்ட்டரும் வெளியே பார்க்க ஒரே மாதிரி. மாஸ்டர் மணிக்கணக்கில் ஒட்டியே இருக்கச் செய்தது. ஸ்டார்ட்டர் கான்டாக்டர் சில விநாடிகளுக்கு மட்டும். இடம் மாற்றி வைத்தால் ஒன்று பறக்கும்போது வெந்துவிடும். பல ஸ்டார்ட்டர் கான்டாக்டர்களின் காயில் தன் மவுண்டிங் தகட்டின் வழியாகத்தான் எர்த் ஆகிறது. பவுடர் கோட்டிங் மேலே வைத்து முடுக்கினால் 'டக்' சத்தமே வராது.

இன்ஜின் பிடித்துக்கொண்ட பிறகும் ஸ்டார்ட்டர் பல் உடனே விடாமல் கீச்சென்று இழுத்தால், மோட்டாரின் பெரிய முனையிலிருந்து அதன் சொலினாய்டுக்குக் குட்டி ஜம்பர் ஒயர் இருக்கிறதா என்று பாரு. நிரந்தரக் காந்தம் வைத்த லேசான ஸ்டார்ட்டர்கள், கரண்ட் நின்ற பிறகும் சுற்றிக்கொண்டே இருக்கும். அப்போது அவையே ஜெனரேட்டராகி அந்த ஜம்பர் வழியாக சொலினாய்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஜம்பரை எடுத்துவிட்டு சொலினாய்டுக்குத் தனி ஒயர் கொடு. பாப் நக்கல்ஸ் எழுதிய 'ஏரோஎலெக்ட்ரிக் கனெக்‌ஷன்' உன்னிடம் இல்லையென்றால் வாங்கு.

உன் ஸ்டார்ட்டர் பழைய பெண்டிக்ஸ் வகை என்றால் அந்தத் தண்டில் கிரீஸ் தடவாதே. தூசி சேர்ந்து பசையாகி, பல் முன்னால் வராமல் நிற்கும். துடைத்துச் சுத்தமாக வை. தயாரிப்பாளர் சொன்ன ஸ்ப்ரேயைத் தவிர வேறெதுவும் வேண்டாம். எந்த வகையானாலும் ரிங் கியர் பற்களை எண்ணிவிட்டுத்தான் ஸ்டார்ட்டர் வாங்க வேண்டும். லைகமிங்கில் 122 பல், 149 பல் என்று இரண்டு உண்டு. ஒன்றுக்கானது மற்றொன்றில் பல்லைத் தின்றுவிடும்.

ஸ்டார்ட்டரின் முன்பக்கம் உடைந்தோ பின் அறுந்தோ போயிருந்தால், அது கிக்பேக் அடித்ததன் அடையாளம். ஸ்பார்க் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 25 டிகிரி முன்னால் வருமாறு பல மாடல்களில் வைத்திருப்பார்கள். ஓடும்போது அது சரி, மெதுவாகச் சுற்றும்போது இன்ஜினைப் பின்னால் உதைக்கும். ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தும் இம்பல்ஸ் கப்ளிங் வழக்கமாக இடது மேக்னெட்டோவில் மட்டும் இருக்கும். அதனால் ஸ்டார்ட் செய்யும்போது வலதை எர்த் செய்தே வை. கீ சுவிட்ச் என்றால் அதன் பின்னால் வலது முனைக்கும் எர்த்துக்கும் நடுவே ஜம்பர் இருக்க வேண்டும். தனித்தனி சுவிட்ச் என்றால் உன் கைதான் பொறுப்பு.

குளிரைப் பற்றி இரண்டு வார்த்தை: மைனஸ் 12 டிகிரிக்குக் கீழே இன்ஜினைச் சூடாக்கித்தான் ஸ்டார்ட் செய்யச் சொல்கிறது லைகமிங். எந்தக் காலமானாலும் ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் கீயைப் பிடித்திருக்காதே, மோட்டார் ஆற விடு. பேட்டரி இறங்கிவிட்டது என்று கையால் ப்ரொப்பெல்லரைத் தட்டப் போகாதே.

எல்லாம் சரியானதும் ஒரு சின்ன வேலை இருக்கிறது. ஸ்டார்ட்டர் கான்டாக்டரில் 'ஐ' என்று போட்ட முனையிலிருந்து பேனலுக்கு ஒரு சிவப்பு விளக்கு இழு. கீயை விட்ட பிறகும் அது எரிந்தால் கான்டாக்டர் உள்ளே ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். மிக்ஸ்சரை இழு, மாஸ்டரை அணை.