குழந்தைப் புற்றுநோய்: காலதாமதத்தின் விலை

உலகில் ஆண்டுதோறும் 19 வயதுக்குட்பட்ட சுமார் 4 லட்சம் பேர் புற்றுநோய்க்கு ஆளாகின்றனர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. வளமிக்க நாடுகளில் இவர்களுள் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் குணமடைகின்றனர். வருவாய் குறைந்த பல நாடுகளில் 30 பேர்கூடக் குணமடைவதில்லை. தேவைப்படும் மருந்துகளுள் பல நெடுங்காலமாக வழக்கில் உள்ளவையே. எனில், இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது? குழந்தை உரிய காலத்தில் மருத்துவமனையை அடைந்து, சிகிச்சையை முழுமையாகப் பெறுவதற்குக் குறுக்கே நிற்கும் தடைகளே முக்கியக் காரணம் எனலாம். இந்திய நிலையை முன்வைத்து இவற்றை மூன்று கட்டங்களாகக் காண்போம்.

நோயை அறிதல்

விழித்திரைப் புற்றுநோய் பெரும்பாலும் 5 வயதுக்குள் தோன்றுவது. கண்ணின் பாவை வெண்மையாக ஒளிர்வதும், மாறுகண்ணும் அதன் அறிகுறிகள். தாயின் பார்வையிலேயே முதலில் படக்கூடியவை இவை. ஆயினும் மாறுகண்ணை அதிர்ஷ்டமெனக் கருதி விட்டுவிடும் குடும்பங்கள் உள்ளன. தொடக்கத்திலேயே அறிந்தால் உயிரையும், பல வேளைகளில் பார்வையையும் காக்கலாம். நோய் கண்ணைக் கடந்து பரவிய பின்னரோ, உயிரைக் காப்பதே அரிதாகிறது.

உரிய இடத்திற்கு அனுப்புதல்

ரத்தப் புற்றுநோயின் காய்ச்சல், சோகை, எலும்பு வலி ஆகியவை பிற நோய்களுக்கும் பொதுவானவை. நிணநீர்க் கட்டி பல மாதங்கள் காசநோயாகவே கருதப்பட்டுச் சிகிச்சை பெறுவதுண்டு. காரணம் அறியாமல் கொடுக்கப்படும் ஸ்டீராய்டு மருந்து, ரத்தப் புற்றுநோயைச் சிறிது காலம் மறைத்து, நோயறிதலையும் சிக்கலாக்கிவிடுகிறது. தெற்காசியப் பகுதியில் இந்நோயுற்ற குழந்தைகளுள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நோய் கண்டறியப்படுவதே இல்லை என்று 2019இல் வெளியான ஓர் உலகளாவிய மதிப்பீடு கூறுகிறது. பெண் குழந்தைகளின் நிலை இன்னும் கவலைக்குரியது. நோய் நிகழ்வில் உள்ள வேறுபாட்டைக் காட்டிலும் கூடுதலான அளவில் அவர்கள் மருத்துவமனைக்கு வராது போகின்றனர்.

சிகிச்சையைத் தொடர்தல்

ரத்தப் புற்றுநோயின் பெரும்பான்மை வகைக்குச் சிகிச்சை 2 முதல் 3 ஆண்டுகள் நீடிக்கிறது. 2018இல் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் காப்பீடு, தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. ரயில் கட்டணச் சலுகையும் உண்டு. ஆனால் நகரில் தங்குவதற்கான வாடகை, உணவுச் செலவு, தந்தை இழக்கும் தினக்கூலி, ஊரில் விட்டுவந்த பிற குழந்தைகளின் பராமரிப்பு ஆகியவை எந்த மருத்துவமனைப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை. குழந்தை சற்றுத் தேறியதும் இச்சுமை தாங்காத குடும்பம் ஊர் திரும்பிவிடுகிறது, நோயும் மீள்கிறது. பொருளாதார நோக்கில், பாதியில் நின்ற சிகிச்சைக்கு அரசு அதுவரை செலவிட்ட தொகையும் பயனற்றுப் போகிறது.

செய்யத்தக்கவை

முதலாவது, 2013 முதல் அங்கன்வாடிகளுக்கும் பள்ளிகளுக்கும் சென்று குழந்தைகளைப் பரிசோதித்துவரும் ராஷ்டிரீய பால ஸ்வாஸ்திய காரியக்ரமக் குழுக்களுக்கு, வெண்பாவை போன்ற சில அறிகுறிகளைக் கண்டறியத் தனிப்பயிற்சி அளிக்கலாம். இரண்டாவது, ஐயத்திற்குரிய குழந்தையை எந்த மருத்துவமனைக்கு அனுப்புவது என்பதை ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையமும் அறிந்திருத்தல் வேண்டும். மூன்றாவது, தங்குமிடம், உணவு, வராதவரைத் தேடி அழைக்கும் சமூகப் பணியாளர் ஆகியவற்றைச் சிகிச்சையின் அங்கமாகவே கருதி நிதி ஒதுக்க வேண்டும். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை இத்தகைய உதவிகளால், இடையில் நின்றுவிடும் குழந்தைகளின் விகிதத்தைப் பெரிதும் குறைத்துள்ளது.

2030ஆம் ஆண்டிற்குள் உலகெங்கும் குறைந்தது 60 விழுக்காட்டுக் குழந்தைகளேனும் உயிர் பிழைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2018இல் வகுத்த இலக்கு. புதிய மருந்துகளையும் கருவிகளையும் மட்டும் நம்பி இதனை எட்ட இயலாது. கிராமத்து வீட்டிற்கும் மருத்துவமனைப் படுக்கைக்கும் இடையே வீணாகும் நாட்களைக் குறைப்பதே இத்துறையில் நாம் செய்யக்கூடிய மிகச் சிக்கனமான முதலீடாகும்.