இணைச்சீருக்கு முன்

கோபிசெட்டிபாளையம்,
கார்த்திகை மாதம்.

அன்புள்ள கண்ணு,

தை மாதக் கல்யாணத்தில் என்னென்ன சடங்கு வேண்டாம் என்று நீ அனுப்பிய பட்டியலைப் படித்தேன். அதைப் பார்த்ததிலிருந்து அண்ணன் சரியாகச் சாப்பிடவில்லை, ஒரே வெசனமாக உட்கார்ந்திருக்கிறார் என்று அண்ணி போனில் சொன்னாள். “அத்தை சொன்னாத்தான் கேப்பான், நீ ஒரு வார்த்தை எழுது” என்றாள். அவள் எதிர்பார்க்கும் கடிதம் இது இல்லை. கேள்வி கேட்கிற பையன்களை உட்கார வைப்பதற்காக நான் அத்தனை வருஷம் சாக்பீஸ் பிடிக்கவில்லை. எனக்கு இருக்கும் குறை வேறு. பட்டியல் நீளமாகத்தான் இருக்கிறது. ஆனால் உன் கையை விட்டு ஏதாவது போகும்படியான கேள்வி ஒன்றுகூட அதில் இல்லை.

2019 டிசம்பர் 26 நினைவிருக்கிறதா? கோவை, திருப்பூர், ஈரோடு எல்லாம் கங்கண கிரகணத்தின் பாதைக்குள் வந்த நாள். காலை ஒன்பதரை மணிவாக்கில் நெருப்பு வளையம் தெரிந்தது. உன் ஆத்தா அதைப் பார்க்கவே இல்லை. வாசலில் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தி வைத்திருந்தாள். உலக்கை அசையாமல் நிற்க, அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து கும்பிட்டுப் போனார்கள். மறுநாள் நீ அதே தட்டில் அதே உலக்கையை நிறுத்தினாய். பூண் தட்டையாக இருந்தால் எந்த நாளும் நிற்கும் என்றாய். ஆத்தா அசரவில்லை. “கெரகணத்தோட மிச்சம் இன்னும் இருக்குதுடா” என்றாள். இன்றைக்கும் நினைத்தால் சிரிப்பு வருகிறது.

சிறுவாணித் தண்ணீரைப் பற்றி நீ கேட்கிற கேள்வியிலும் உன் பக்கம்தான் நான். உலகத்திலேயே ருசியில் இரண்டாவது தண்ணீர் என்று கோயமுத்தூரில் எல்லோரும் சொல்கிறோம். முதலாவது எது என்றால் ஆளுக்கொரு ஆற்றைச் சொல்வார்கள். போட்டி வைத்தவர் யார், ருசி பார்த்தவர் யார் என்றால் பேச்சு மாறிவிடும். அணை இருப்பது பாலக்காடு மாவட்டத்தில் என்பதும் பாதிப் பேருக்குத் தெரியாது. தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது, அதில் எனக்குச் சண்டையில்லை.

உலக்கை விழுந்தாலும் சிறுவாணி பத்தாவது இடத்துக்குப் போனாலும் உனக்கு ஒரு பைசா நட்டமில்லை. அதனால்தான் அதையெல்லாம் கேட்பது சுலபம். உனக்குச் சோறு போடுகிற நம்பிக்கைகள் சில இருக்கின்றன. அவற்றின் பக்கம் உன் கேள்வி திரும்பவே இல்லை.

நம் ஊர்ப் பேச்சையே எடுத்துக்கொள். ‘ங்க’ போடாமல் பேசத் தெரியாத ஊர், நாயைக்கூட ‘போங்க’ என்று விரட்டுகிற ஊர் என்று நீங்கள் மீம் போட்டுக்கொள்கிறீர்கள். போன மாதம் சரவணம்பட்டியில் உன் வீட்டில் இருந்தபோது கவனித்தேன். ஏசி பழுது பார்க்க வந்த பையன் உன்னைவிடச் சின்னவன். அவனுக்கு ‘ங்க’ போட்டாய். பாத்திரம் கழுவ வருகிற அம்மாவுக்கு என் வயசு இருக்கும். அவரைப் பேர் சொல்லி, ‘வா’, ‘போ’ என்றாய். அவரோ உன்னை ‘தம்பீங்க’ என்றார். கெட்ட எண்ணத்தில் நீ அப்படிப் பேசவில்லை. தோட்டத்தில் அப்பாரு காலத்திலிருந்து வந்த பழக்கம் உன் நாக்கில் இருக்கிறது. அப்பாருவிடம் பண்ணையத்தில் இருந்த ஆட்கள் பால் குடிக்கிற பிள்ளையைக்கூட ‘சாமி’ என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பிள்ளை வளர்ந்து, பேரன் எடுத்தவர்களை ‘டா’ போட்டது. அவர்களுக்குத் தண்ணீர் கொட்டாங்குச்சியில்தான். மரியாதையான ஊர் என்ற பேச்சு பொய்யில்லை. யாருக்கு மரியாதை என்பதை மட்டும் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

உன் கல்யாணத்திலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஐயர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். தாராளமாகச் செய். நம் பக்கத்தில் அருமைக்காரர் நடத்திவைக்கிற கல்யாணம்தான் பழைய முறை, ஐயர் பிறகு வந்தவர். அதுவும் வேண்டாம், சுயமரியாதைத் திருமணம் என்றால் 1967-ல் அண்ணா அரசு கொண்டுவந்த சட்டத்திருத்தம் இருக்கிறது, செல்லும். ஆனால் மங்கல வாழ்த்துப் பாட நாவிதர் வருவார் பார். அவர் பாடி முடித்தால்தான் நம் பெரியவர்களுக்குக் கல்யாணம் நிறைந்ததாக அர்த்தம். பாடி முடித்தவரை மேடையில் யார் ‘ங்க’ போட்டுப் பேசுகிறார்கள், எந்தப் பந்தியில் உட்கார வைக்கிறார்கள் என்று பார். சடங்கை நீக்குவதைவிட அவரை முதல் பந்தியில் உன் பக்கத்தில் உட்கார வைப்பது கஷ்டம். செய்து பார், தெரியும்.

அடுத்தது உன் ரீல்ஸ். அப்பாருவின் பழைய போட்டோவுக்கு ‘நாட்டாமை’ பின்னணி இசை போட்டு, பொள்ளாச்சித் தென்னந்தோப்பில் வெள்ளை வேட்டி நடந்து வருகிற மாதிரி ஒன்று போட்டிருந்தாய். 1992-ல் ‘சின்னக் கவுண்டர்’, 1993-ல் ‘எஜமான்’, 1994-ல் ‘நாட்டாமை’ என்று வரிசையாக வந்த காலம் அது. நம்மைப் பற்றி வெளியூரார் நினைப்பது மட்டுமா, நம்மைப் பற்றி நாமே நினைப்பதிலும் பாதி அந்தப் படங்களிலிருந்து வந்ததுதான். கொட்டகையில் விசில் அடித்துப் பார்த்தார்கள், நானும் ரசித்துத்தான் பார்த்தேன். இப்போது ‘நாட்டாமை’யை மறுபடி போட்டு, பெரிய நாட்டாமையின் தீர்ப்பைக் காது கொடுத்துக் கேள். ஒரு ஏழைப் பெண்ணைக் கெடுத்தவன் அவளையே கட்டிக்கொள்ள வேண்டும் என்பதுதான் அந்தப் பெரிய தீர்ப்பு. சொந்த மச்சான் மகன் என்றும் பாராமல் சொன்னாரே என்று நாம் உருகினோம். அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை யாராவது கேட்டார்களா என்று அன்றைக்கு எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. படம் தெலுங்குக்கும் இந்திக்கும் போனது, தீர்ப்பும் கூடவே போனது. 2011-ல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் கட்டப் பஞ்சாயத்து முழுக்கச் சட்டவிரோதம் என்று சொன்னது. இரட்டை டம்ளரையும் அதே தீர்ப்பில்தான் கண்டித்தது. இரண்டும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருந்தவை என்று நீதிபதிகளுக்குத் தெரிந்திருக்கிறது.

அவிநாசி ரோடு மேம்பாலத்துக்கு 2025 அக்டோபரில் பேர் வைத்தபோது குடும்ப குரூப்பில் நீ பெரிய சண்டை போட்டாய். தெருப் பேர்களில் சாதியை எடுக்கச் சொல்லி அரசாணை போட்டுவிட்டு, பத்து கிலோமீட்டர் பாலத்துக்கு ‘ஜி.டி.நாயுடு’ என்று முழுதாக எழுதலாமா என்று கேட்டாய். கேட்க வேண்டிய கேள்விதான். 1929-லேயே செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பேருக்குப் பின்னால் சாதி வேண்டாம் என்று தீர்மானம் போட்டவர்களின் நாடு இது. பலகையோடு நின்றுவிடாமல் அந்த மனுஷரையும் பார். பொறியியலுக்கு நான்கு வருஷம் எதற்கு, பையன்களின் காலம் வீணாகிறது, இரண்டு வருஷம் போதும் என்றார். அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. தாமே முன்னின்று 1945-ல் தொடங்கிய கல்லூரியின் முதல்வர் பதவியை விட்டுவிட்டு வந்தார். தடாகம் ரோட்டு ஜி.சி.டி. அதுதான். அவர் சொன்னது சரியா தப்பா என்று வாதாடலாம். கேட்ட கேள்விக்கு அவர் விலை கொடுத்தார்.

உன் கல்யாணப் பத்திரிகை மாதிரியும் வந்தது. உன் பேருக்குப் பின்னால் சாதி இல்லை, சந்தோஷம். மேலே குலதெய்வக் கோயிலும் உள்ளே கூட்டத்தின் பேரும் அச்சாகியிருக்கின்றன. நம் ஒறம்பரைக்குச் சாதி தெரிய அதற்கு மேல் என்ன வேண்டும்?

இப்போது நான் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். பட்டியலில் இணைச்சீருக்கு நேராக ‘அர்த்தமில்லாதது’ என்று எழுதியிருக்கிறாய். மற்றதை என்ன வேண்டுமானாலும் செய், இதை மட்டும் நான் விடமாட்டேன். மாப்பிள்ளையோடு அவன் அக்காவோ தங்கையோ மேடையில் உட்கார்வது. சேலையின் ஒரு தலைப்பு அவனிடம், மறு தலைப்பு அவளிடம். இனி ஒருத்தி வீட்டுக்கு வந்தாலும் பிறந்தவளின் உரிமை குறையாது என்று ஊர் முன்னால் சொல்வதுதான் அது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அண்ணன் கல்யாணத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். உனக்கு உன் தங்கச்சி அம்மிணி உட்கார வேண்டும்.

அதே அம்மிணியிடம்தான், சொத்தில் பங்கு வேண்டாமென்று தைக்கு முன்னால் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிவிட வேண்டும் என்று அண்ணன் அலைகிறார். பெண் வீட்டார் பூமி எவ்வளவு என்று கேட்டார்களாம். தோப்பு முழுக்கப் பையனுக்குத்தான் என்று இவர் சொல்லிவிட்டாராம். உனக்கு இது தெரியும். வரதட்சணை வாங்கமாட்டேன் என்று பெண் வீட்டில் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவன், தங்கச்சி கையெழுத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

நானும் அப்படிக் கையெழுத்துப் போடப் பத்திர ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்தவள்தான். சொத்தில் பெண்ணுக்குச் சமபங்கு என்பதும் அந்த 1929 மாநாட்டுத் தீர்மானம்தான். சட்டமாகக் கையில் கிடைக்க அறுபது வருஷம் ஆனது. 1989-ல் கலைஞர் ஆட்சியில் தமிழ்நாட்டில் திருத்தம் வந்தபோது, அந்த மார்ச் 25-க்கு முன்னால் கல்யாணமானவர்களுக்கு அது கிடையாது என்று விட்டார்கள். நான் 1987-ல் கழுத்தை நீட்டியவள். ஆனாலும் பழைய 1956 சட்டப்படி அப்பாவின் பாகத்தில் எனக்கு ஒரு துண்டு உண்டு. அப்பா போன பிறகு அந்தத் துண்டுக்கும் கையெழுத்து வேண்டுமென்றார்கள். சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதுகிறவர் வாசித்துக் காட்டினார். யாருடைய தூண்டுதலும் நிர்ப்பந்தமும் இல்லாமல், முழு மனதோடு என்று வந்தது. அதில் ‘நிர்ப்பந்தம்’ தப்பாக எழுதியிருந்தது. நான் பேனாவை வாங்கித் திருத்திக் கொடுத்தேன். “டீச்சருங்களா?” என்று சிரித்தார். பிறகு கையெழுத்துப் போட்டேன். அண்ணன் அன்னபூர்ணாவில் டிபன் வாங்கிக் கொடுத்தார்.

ஏமாந்துவிட்டேன் என்று இதைச் சொல்லவில்லை. கணக்குத் தெரிந்துதான் போட்டேன். அந்த ஆவணியில் என் மகளுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். நாளைக்கு அவள் சீருக்கும் கல்யாணத்துக்கும் மாமன் வந்து நிற்க வேண்டும். பங்கு கேட்ட தங்கைக்கு அண்ணன் அந்த மடியைத் தரமாட்டான். ஊரும் அவன் செய்தது சரி என்றுதான் சொல்லும். நம் ஊர்ப் பெண்களுக்குச் சட்டம் தெரியாது என்று உன்னைப் போன்ற பையன்கள் நினைக்கிறீர்கள். சட்டம் நன்றாகவே தெரியும். மாமன் வராத வீட்டில் சீர் நடத்துவது எப்படி என்றுதான் தெரியாது. கையெழுத்து வாங்குகிறவர்கள் வாய் திறந்து மிரட்டத் தேவையே இல்லாமல் போவது இதனால்தான்.

அம்மிணி நிலைமை வேறு. 2005 திருத்தத்துக்குப் பிறகு பரம்பரைச் சொத்தில் மகனுக்கு உள்ளது மகளுக்கும் பிறப்பிலேயே உண்டு. 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிட்டது. அண்ணன் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய சைட் அவர் இஷ்டம், அதைக் கிளறாதே. அப்பாரு வழி வந்த தோப்பு அப்படியில்லை.

அண்ணன் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். படிக்க வைத்தோம், பவுன் போட்டோம், சீர் செய்தோம் என்பார். உன்னையும் படிக்க வைத்தார்கள், அதற்கு யாரும் உன்னிடம் பத்திரம் கேட்கவில்லை. பூமியைப் பார்த்துக்கொள்கிறவனுக்குத்தான் பூமி என்பார். அதில் நியாயம் இருக்கிறது. வெள்ளை ஈயும் வேர்வாடலும் வந்த பிறகு பொள்ளாச்சியில் தோப்பு வைத்திருப்பது லேசில்லை, தேங்காய் போட ஆளும் கிடைப்பதில்லை. ஆனால் அந்த நியாயம் அண்ணனுக்குச் செல்லும், உனக்குச் செல்லாது. நீ கடைசியாக எப்போது மடை திருப்பினாய்?

இதை மண்டபத்திலோ குரூப்பிலோ பேசாதே. பிற்போக்கு, ஆணாதிக்கம் என்ற வார்த்தைகளை வீட்டுக்குள் கொண்டுவராதே, அண்ணன் காதை மூடிக்கொள்வார். சாயங்காலம் மோட்டார் போட அவர் தோப்புக்குப் போகும்போது கூடப் போய், “எனக்காக அந்தப் பத்திரம் வேண்டாம்ப்பா, பொண்ணு வீட்டுக்கு நான் சொல்லிக்கறேன்” என்று மட்டும் சொல். பொண்ணு வீட்டில் சொல்கிறபோது உன் மதிப்பு கொஞ்சம் இறங்கும். இறங்கட்டும். பிறகு அம்மிணியைத் தனியாகப் பார்த்து அவளுக்கு என்ன வேண்டுமென்று கேள். அவள் இடம் கேட்கலாம், பணமாகக் கேட்கலாம், ஒன்றும் வேண்டாம் என்றும் சொல்லலாம். எதைச் சொன்னாலும், அவள் பிள்ளைகளுக்குத் தாய்மாமனாக நீ வந்து நிற்பாய் என்பதை முதலில் சொல்லிவிட்டு அப்புறம் கேள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை இங்கே வா. வரும்போது மூலப்பத்திர நகலும் பட்டாவும் எடுத்துக்கொள். வில்லங்கச் சான்றை ஆன்லைனிலேயே எடுத்துவிடலாம், அப்பாரு காலத்திலிருந்து போட்டு எடு. இங்கே என்னிடம் படித்த வக்கீல் ஒருத்தி இருக்கிறாள், காட்டிவிடுவோம். அண்ணியிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அத்தை