கோர்ட்டின் உச்சியில் எரிந்த விளக்கு

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

"நான் சின்னப் பையனா இருக்கையில லைட் ஹவுஸ் கோர்ட்டு உச்சியில இருந்துச்சு, பாப்பா" என்று என் தாத்தா சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். மெரினாவில் சிவப்பும் வெள்ளையுமாய் நிற்கும் கலங்கரை விளக்கத்தைத் தவிர வேறொன்றை நான் கண்டதில்லை. வயதாகிவிட்டதால் குழப்பிப் பேசுகிறார் என்று நினைத்தேன். தாத்தா ஒன்றும் சொல்லாமல் செய்தித்தாளை எடுத்துக்கொண்டார். பிறகு புத்தகங்களைப் புரட்டியபோதுதான் குழம்பியது யார் என்று தெரிந்தது!

தோழியரே, 'கரைதல்' என்றால் அழைத்தல். கலங்களைக் கரைந்து அழைப்பதால் அது கலங்கரை விளக்கம். பெரும்பாணாற்றுப்படையிலேயே உயர்ந்த மாடத்தில் இரவில் தீ ஏற்றிய செய்தி வருகிறது.

நம் சென்னைக்கோ இயற்கைத் துறைமுகம் கிடையாது. அக்காலத்தில் கப்பல்கள் அலைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலாப் படகுகளில்தான் மனிதரும் மூட்டைகளும் கரை சேர வேண்டும். ஆணி அடித்த படகாயின் அலையின் மோதலில் பிளந்துவிடுமாம். இருட்டில் கரை எங்கே என்று தெரியாமல் வரும் மாலுமியின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

1796இல் புனித ஜார்ஜ் கோட்டையில், இன்று அருங்காட்சியகமாக உள்ள கட்டடத்தின் மேல் முதல் விளக்கு ஏற்றப்பட்டது. எரிந்தது தேங்காய் எண்ணெய். அடுத்து, கோட்டைக்கு வடக்கே நூறடிக்கும் மேற்பட்ட கருங்கல் தூண் எழுந்து, 1844 ஜனவரி முதல் நாள் ஒளி தந்தது. 1892இல் உயர்நீதிமன்றம் அதன் அருகிலேயே அதைவிட உயரமாக எழும்பியதும் தூணுக்கு வேலை போயிற்று. 1894இல் நீதிமன்றத்தின் பெரிய கோபுரத்து உச்சிக்கே விளக்கு குடியேறியது. தாத்தா சொன்னது இதைத்தான்.

1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு 'எம்டன்' என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் வந்தபோது, போர்க்காலமாயிருந்தும் நகரின் விளக்குகள் அணைக்கப்படவில்லை. துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன, உயிர்களும் போயின. ஒரு குண்டு விழுந்த இடத்தில் நீதிமன்றச் சுவரில் கல்வெட்டு இருக்கிறது. வழிகாட்டும் ஒளிக்கு நண்பன், பகைவன் என்று பார்க்கத் தெரியாதே! அன்று முதல் பலே கைகாரனை 'சரியான எம்டன்' என்பது நம் ஊர் வழக்கு. எங்கள் தெருவில் என் தம்பிக்கு அந்தப் பட்டம் உண்டு.

1977 ஜனவரியில் மெரினாவின் விளக்கு வேலையைத் தொடங்க, கோபுரத்து விளக்கு ஓய்வு பெற்றது. புதியதற்கு மின்தூக்கியும் உண்டு.

சென்ற மாதம் தாத்தாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு என்னைப் பாரிமுனைக்கு அழைத்துப் போனார். சாலையோரம் நின்று கோபுரத்தைக் காட்டினார். "அந்த வெளிச்சம் சுத்திச் சுத்தி வரும். எண்ணிக்கிட்டே தூங்கிடுவேன்" என்றார்.

"எத்தனை வரைக்கும் எண்ணுவீங்க, தாத்தா?"

"பத்தைத் தாண்டினதே இல்லை."