புள்ளி எங்கே நிற்கிறது?

பதினொன்றாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளுக்கு, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் சொல்வது:

1. இதுவரை சைன் என்றால் எதிர்ப்பக்கம் கீழ் கர்ணம் என்று ஒப்பித்தாய். சரி, 120 பாகை கொண்ட ஒரு செங்கோண முக்கோணம் வரைந்து காட்டு. முடியாதல்லவா? பிறகு சைன் 120 எங்கிருந்து வந்தது? அதற்காகத்தான் வட்டத்துக்கு வருகிறோம்.

2. மனப்பாடம் செய்யுமுன் வரை. வரைபடத்தாளில் 10 செ.மீ. ஆரத்தில் வட்டம் போடு. அந்த 10 செ.மீ.தான் உன் ஓர் அலகு. வலக்கோடியில் தொடங்கி, கடிகாரமுள்ளுக்கு எதிராக 30 பாகை நகர். புள்ளியின் உயரம் 5 செ.மீ. இருக்கும், சைன் 0.5. பக்கவாட்டுத் தூரம் 8.7 செ.மீ., கொசைன் 0.87. 37 பாகைக்குப் போனால் உயரம் 6, பக்கவாட்டில் 8. கொத்தனார் மூலை பிடிக்கும் 3, 4, 5 அங்கே உட்கார்ந்திருக்கிறது.

3. எந்தக் கால்வட்டத்தில் எது கூட்டல், எது குறை என்று நினைவில் வைக்க 'ஆல் சில்வர் டீ கப்ஸ்' வாய்பாடு வேண்டாம். நானும் கரும்பலகையில் எழுதிப்போட்டவன்தான். புள்ளி இடப்பக்கம் போனால் கொசைன் குறை, கீழே போனால் சைன் குறை. அவ்வளவுதான்.

4. வில், நாண் என்ற சொற்களைச் சும்மா படித்துவிட்டுப் போகாதே. 499-இல் ஆரியபடர் அட்டவணையாக்கியது அரைநாணின் நீளத்தை. நாணைக் குறிக்கும் 'ஜ்யா' என்ற வடசொல் அரபியில் உருமாறி, இலத்தீனில் தவறாகப் பொருள்கொள்ளப்பட்டு, சைன் ஆயிற்று. அவர் எடுத்த ஆரம் 1 அல்ல, 3438. ஒரு பாகைக்கு 60 கலை என்றால் வட்டத்தைச் சுற்றி 21,600 கலைகள்; ஆரத்தையும் அதே கலையால் அளந்தால் 3438 வரும். வளைவுக்கும் நேர்கோட்டுக்கும் ஒரே அளவுகோல்!

5. ரேடியனும் அதே யோசனைதான். ஆர நீளத்துக்கு நூல் வெட்டி விளிம்பில் ஒட்டு. அது அடைக்கும் கோணம் ஒரு ரேடியன், 57 பாகைச் சொச்சம். கால்குலேட்டரில் சைன் 30 போட்டு −0.988 வந்தால் கருவியைத் தட்டாதே. அது 30 ரேடியன் என்று எடுத்துக்கொண்டது: நாலு முழுச்சுற்று, அதன்மேல் முக்கால் சுற்றும் கொஞ்சமும். புள்ளி கிட்டத்தட்ட வட்டத்தின் அடியில் நிற்கிறது.

6. வலக்கோடியில் செங்குத்தாகத் தொடுகோடு வரை. ஆரத்தை நீட்டினால் அதை வெட்டும் உயரம்தான் டேன். 45 பாகைக்கு 10 செ.மீ., அதாவது ஓர் அலகு. 89 பாகைக்கு உன் தாளில் 5.7 மீட்டர் வேண்டும். வகுப்பறைக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும். 90-இல் இரண்டு கோடும் இணை. எவ்வளவு நீட்டினாலும் சந்திக்காது.